புதுப்பிப்பு: உடும்புக் குட்டிகள் மூன்றும் ஒரே கூண்டில்தான்

முள்வால் உடும்பு (ஆஸ்திரேலியாவின் சின்ன உடும்பு வகை) குட்டிகள் மூன்றைச் சேர்த்து வளர்த்தால் பின்னால் ஜோடி சேருமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? (நான் இருப்பது ஆஸ்திரேலியா, உரிமம் உண்டு. ஊரில் முயல வேண்டாம். இந்தியாவில் உடும்பு வளர்ப்பது குற்றம்.)

சின்னதிலிருந்தே ஒன்றாக இருப்பதால் பெரிய சண்டை இல்லை. தீனி நேரம்தான் ரகளை: ஒரே கரப்பானை ஆளுக்கொரு முனையில் கவ்விக்கொண்டு இரண்டு உருளும். அதனால் இடுக்கியால் தனித்தனியே ஊட்டுகிறேன். வெயில் காயும் கல் 50 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். அப்படி ஒரே இடம் இருந்தால் பெரியது மற்றவற்றை அண்ட விடாது. சரி என்று இரண்டாவது விளக்கும் போட்டாயிற்று.

ஆணா பெண்ணா என்று குட்டியில் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். இப்போது ஒன்றுக்குத் தலை அகன்று, வாலடியின் இருபுறமும் முள் செதில்கள் கொத்தாகத் துருத்துகின்றன. ஆணாகத்தான் இருக்கும். மற்றவை பெண் என்று நம்பி, அவை வளை தோண்டி முட்டையிடக் கூண்டில் மணலும் மண்ணும் கலந்து, வளை இடியாத ஈரப்பதத்தில் ஓரடிக்கு மேல் நிரப்பிவிட்டேன். இடம் பிடிக்காவிட்டால் பெண் முட்டையிடாமல் உள்ளேயே வைத்திருக்கும், உயிருக்கே ஆபத்து. அடைகாப்புப் பெட்டி வாங்குவது முட்டையைக் கண்ட பிறகுதான்.