ஃபங்ஷன் பாயிண்டரால், அதாவது சி மொழியில் ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறியால், மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம், குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த நேரம். ஃபோனில் மோட்டார் போடும் பெட்டி, உள்ளே கார்டெக்ஸ் எம்3 சிப். நீர்மட்ட சென்சார் இரண்டு வகை, வகைக்கு ஒரு டிரைவர், அதன் ஃபங்ஷன் பாயிண்டர்களை ஒரு ஸ்ட்ரக்டில் நிரப்பிய டேபிள், வழக்கம்போல. தலைமை அலுவலகத்தில் ஸ்ட்ரக்டில் புதிதாக ஸ்லீப் என்று ஒரு பாயிண்டரைச் சேர்த்திருந்தார்கள். ஒரு சென்சாரின் பழைய டிரைவரை யாரும் தொடவில்லை. உறுப்பின் பெயர் சொல்லி நிரப்பிய டேபிளில் விட்டுப்போன இடம் தானாகப் பூஜ்யமாகிவிடும், கம்பைலர் வாயே திறக்காது.

ரிலே டக்கென்று விழும். மோட்டார் நிற்கும். வாட்ச்டாக் (தொங்கிய சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) எழுப்பிவிட்டதும் மறுபடி பிடிக்கும், மறுபடி டக். வயல்காரப் பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, கரண்ட் நல்லாத்தான் இருக்கு. உங்க பெட்டிக்குத்தான் வலிப்பு." ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அவரே அமுக்கினார். வரப்பில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தால் ஹார்ட்ஃபால்ட், அதாவது சிப் மேலே ஓட முடியாமல் நிற்கும் பிழை. ஸ்டேக்கில் பிசி (ஓட வேண்டிய முகவரி) பூஜ்யம்: நிரப்பாத ஸ்லீப்பைத்தான் கூப்பிட்டிருக்கிறது. திரும்ப வேண்டிய முகவரியை வைத்திருக்கும் எல்ஆர்தான் கூப்பிட்ட வரியைக் காட்டிக்கொடுத்தது.

கும்பகோணத்தான்:
உங்களுக்காவது ஃபால்ட் வந்தது. எங்கள் பெட்டியில் எட்டு பிட் ஏவிஆர் சிப். அதில் முகவரி பூஜ்யம்தான் ரீசெட் வெக்டர் (சிப் ஓடத் தொடங்கும் இடம்), அதனால் நல் (பூஜ்ய) பாயிண்டரைக் கூப்பிட்டால் புரோகிராம் சத்தமில்லாமல் முதலிலிருந்து ஓடும். நிஜ ரீசெட் இல்லையே, காரணம் சொல்லும் ரிஜிஸ்டரிலும் ஒன்றும் இருக்காது. ஊரே கரண்டைத் திட்டியது. இரண்டே சென்சாருக்கு டேபிள் எதற்கு? ஈனம் (enum, பெயரிட்ட எண்களின் பட்டியல்) வைத்து, டிஃபால்ட் இல்லாமல் ஸ்விட்ச் எழுதினால், ஒரு கேஸ் விட்டாலும் கம்பைலர் எச்சரிக்குமே.

பழைய டிரைவர்:
ஸ்விட்ச் வேண்டாம் ஐயா. டேபிளை கான்ஸ்ட் (மாறாதது) ஆக்குங்கள், கார்டெக்ஸில் அது ஃபிளாஷில் உட்காரும், ஓடும்போது யாரும் மேலெழுத முடியாது. பதிவு செய்யும் இடத்திலேயே ஒவ்வொரு பாயிண்டரையும் ஒரு தடவை சோதியுங்கள். இல்லாததற்கு, பிழை எண்ணைத் திருப்பித் தரும் வெற்று ஃபங்ஷனைப் போடுங்கள். லினக்ஸில் ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்டும் பாயிண்டர் கூட்டம்தான். டிரைவர் ரீட் ஃபங்ஷனைத் தராவிட்டால் கெர்னல் விழுவதில்லை, பிழை எண்தான் வரும். அப்புறம், முதல் ஆர்குமென்டாக டிவைஸ் பாயிண்டரை அனுப்புங்கள். அதே சென்சார் இரண்டு மாட்டினால் குளோபல் மாறியில் குழப்பம்தான் மிஞ்சும்.

வெண்ணாற்றங்கரை:
கும்பகோணத்தாருக்கு: மூன்றாவது சென்சார் வந்தாயிற்று. பொதுக் கோடில் ஒரு வரிகூட மாறவில்லை, டேபிளை விட மாட்டேன். பழைய டிரைவர் ஐயா, எங்கள் டேபிள் அப்போதே கான்ஸ்ட்தான். அந்தப் பூஜ்யத்தையும் ஃபிளாஷ் பத்திரமாகத்தான் வைத்திருந்தது. வெற்று ஃபங்ஷன் யோசனை சரி, அதைப் போட்டாயிற்று.