கோளறு பதிகம் ஓதினால் பயம் போகுமா, பொறுப்புதான் போகுமா?

புதுவயல்காரன்: வேலை ஆட்டம் காணுது, கடை படுத்துருச்சு, ராத்திரி தூக்கம் இல்லைன்னு யார் கலங்கி நின்னாலும் நம்ம செட்டிநாட்டுப் பக்கம் முதல்ல சொல்ற வார்த்தை ஒண்ணுதான்: "கோளறு பதிகம் ஓதுங்க, அவன் பாத்துக்குவான்." சம்பந்தர் சிவன்மேல் பாடிய அந்தப் பதிகத்தை ஓதச் சொல்வது அடைக்கலமா, தட்டிக்கழிப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்தொகை: என்னைக் கேட்டால் தட்டிக்கழிப்பு. பர்மாவைப் பாருங்கள். நகரத்தார் நாம் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினோம், லாபத்தில் கோயிலுக்கென்று மகமை எடுத்தோம். 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நம்மவர் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-இல் 25. ஆசைப்பட்டு வாங்கியதல்ல. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்து விழுந்தது. ரொக்கம் மண்ணாக மாறியது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். 1948-இல் நில தேசியமயச் சட்டம். முருகன் இருந்தான்; நிலம் இல்லை.

திருமுறை ஆச்சி: தம்பி, நிலத்தைக் காப்பாற்றித் தருவதாக அந்தப் பதிகம் எங்கே சொல்கிறது? இரண்டாம் திருமுறையில் 85-ஆவது, திருமறைக்காட்டில் பாடியது, 11 பாட்டு. ஏழாம் பாட்டில் "வெப்பொடு குளிரும் வாதம் மிகையான பித்தும் வினையான வந்து நலியா" என்று வருகிறது. வராது என்று சம்பந்தர் சொல்லவில்லை, வந்து நலியா, அதாவது வருத்தாது என்கிறார். காரணமும் முதல் பத்துப் பாட்டிலும் ஒன்றே, சிவன் "உளமே புகுந்த அதனால்". பலர் முதல் பாட்டில் ஞாயிறு, திங்கள் என்று கிரகப் பெயர் வருவதைப் பார்த்து இதைப் பரிகார மந்திரமாக ஆக்கிவிட்டார்கள். ஒன்பது சனிக்கிழமை எள் விளக்கோடு ஓதி, பத்தாவது வாரம் பலன் இல்லையென்று விட்டுவிடுகிறார்கள். நேர்மாறாகப் புரிந்துகொண்டால் அப்படித்தான் முடியும். கோளுக்குப் பரிகாரமே வேண்டாம் என்பதுதான் பாட்டின் வாதம். இரண்டாம் பாட்டைப் பாருங்கள்: "ஒன்பதொடு ஒன்றொடு ஏழு பதினெட்டொடு ஆறும்". ஓர் உரைப்படி இவை நட்சத்திர வரிசை எண்கள்: 9 ஆயிலியம், ஒன்பதோடு ஒன்று 10 மகம், ஒன்பதோடு ஏழு 16 விசாகம், 18 கேட்டை, 6 திருவாதிரை. பயணத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் நாட்கள். அவையும் "நல்ல நல்ல" என்கிறார்.

ஐந்தொகை: ஆச்சி, பெரியபுராணம் பாடிய சேக்கிழாரையே கேட்போம். "கோளும் சரியில்லை, சமணர் கொடியவர், மதுரைக்குப் போகவேண்டாம்" என்று சம்பந்தரைத் தடுத்தது அப்பர். அவருக்கு நம்பிக்கை குறைவா? எச்சரிக்கை பக்திக்குப் பகை இல்லை என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் நம் வீடுகளில் தடுப்பவரைத்தான் "நம்பிக்கை இல்லாதவன்" என்கிறோம்.

திருமுறை ஆச்சி: அது நியாயமான குத்து. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிச்சக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிகம் பாடிவிட்டுப் போனவர் தங்கிய மடத்துக்கே மதுரையில் தீ வைத்தார்களே! தீ வந்தது. அதற்காக அவர் "பதிகம் பொய்த்தது" என்று திரும்பவில்லை, அங்கேயே இன்னொரு பதிகம் பாடினார். ஆபத்து வராதிருப்பதை அடைக்கலம் என்று எண்ணுகிறவர்தான் முதல் அடியிலேயே நொறுங்குகிறார்.

தேவகோட்டை வாசகன்: நாங்கள் வாசிக்கும் 46-ஆம் சங்கீதமும் இதே தடத்தில்தான் போகிறது. தேவன் அடைக்கலம் என்று தொடங்கி, அடுத்த மூச்சிலேயே பூமி நிலைமாறுவதையும் மலைகள் கடலில் சாய்வதையும் சொல்கிறது. நடக்காது என்று சொல்லாமல், நடந்தாலும் பயப்படோம் என்கிறது.

பள்ளத்தூர் மருந்துச்சீட்டு: வாதம் இருக்கட்டும், ஓதும் முறையில் ஒரு தப்பு நடக்கிறது. பதறுகிறவர் 11 பாட்டையும் ஐந்து நிமிடத்தில் கொட்டிவிடுகிறார். மூச்சு மேல்மூச்சாகிறது, கை விரல் மரத்துப்போகிறது, பயம் கூடுகிறது. ஒவ்வொரு அடியையும் இரண்டாக உடையுங்கள். பாதி அடிக்கு ஒரு மூச்சு, வெளிவிடும் மூச்சு நீளமாக. "உளமே புகுந்த அதனால்" வரும்போது நின்று ஒரு மூச்சு கூடுதலாக எடுங்கள். மொத்தம் கால் மணி நேரம் பிடிக்க வேண்டும். நெஞ்சை அழுத்தி வலி, வியர்வை, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அது பயமா, மாரடைப்பா என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு அப்புறம் ஓதுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பதிகத்தையும் விடவேண்டியதில்லை.

ஐந்தொகை: அண்ணன் சொன்ன வரிசை எனக்குச் சம்மதம். கணக்குக்கும் அதையே வைக்கலாம். ஏட்டின் தலையில் "சிவமயம்" என்று எழுதிவிட்டு நம் முன்னோர் கை கட்டி உட்காரவில்லை, கீழே பற்றும் வரவும் எழுதினார்கள். பயத்தில் இருப்பவர் ஒரு தாளில் கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, மூன்று மாதச் செலவு என்று நான்கையும் எழுதட்டும். வராக்கடனை வரவேண்டியதில் சேர்ப்பதுதான் வழக்கமான பிசகு. அதைத் தனியே தள்ளுங்கள். பர்மாவில் அடி விழுந்த இடம் அதுதான். தாள் முதலில், பதிகம் பிறகு.

திருமுறை ஆச்சி: பதிகம் முதலில் தம்பி. நடுங்குகிற கையால் எழுதினால் கூட்டல் தப்பும்.

ஐந்தொகை: பதிகம் முடிந்ததும் "அவன் பாத்துக்குவான்" என்று தாளை எடுக்காமல் படுத்துவிட்டால்?

திருமுறை ஆச்சி: அப்படியானால் தாளையும் பேனாவையும் விளக்கடியிலேயே வைத்துவிட்டு ஓத உட்காரட்டும். புதுவயல்காரரே, பண் பியந்தைக்காந்தாரம்; இன்று நவரோஜ் ராகத்தில் பாடுவார்கள். பக்கத்துக் கோயில் ஓதுவாரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் வேகம் தானாக அடங்கும்.