கிங் கிரிம்சன்: எந்த இசைத்தட்டை ஒலிக்கவிடுவது?

அஸ்தம்பட்டியார்:
வரும் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில், நம் எஸ்டேட் நண்பரின் வீட்டில் கூடுவது உறுதியாகிவிட்டது. புதிதாக வருபவர்களில் சிலர் பிரிட்டனின் ராக் குழுவான கிங் கிரிம்சனின் ஒரு பாடலைக்கூடக் கேட்டதில்லை என்பதால், ஒரே ஓர் இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு அதன்பிறகு பேசலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். எந்தத் தட்டு என்பதில் விவாதத்துக்கே இடமில்லை என்று நினைக்கிறேன். 1969 அக்டோபரில் வந்த 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' தான் அது. அந்த ஆண்டு ஜனவரியில் ஒத்திகையைத் தொடங்கிய இந்த இளைஞர்கள், ஜூலையிலேயே லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையேறுவதற்கு முன் பெருங்கூட்டத்தின் எதிரே வாசித்தார்கள். தங்களுக்கென்று அமர்த்தப்பட்ட தயாரிப்பாளர் ஒத்துவராதபோது அவரை விட்டுவிட்டு ஒலிப்பதிவைத் தாங்களே முடித்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைப் பற்றிக்கொள்ளாமல், ஐரோப்பியச் செவ்வியல் இசையையும் ஜாஸையும் அடித்தளமாக வைத்து ராக் இசையை எழுப்ப முடியும் என்று காட்டிய தொகுப்பு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடத்தைப் பிடித்தது. ப்ரோக்ரெசிவ் ராக் என்று நாம் இன்று சொல்வதெல்லாம் இங்கிருந்து கிளைத்ததுதான்.

எஸ்டேட்காரன்:
அண்ணா, வீடும் ஒலிபெருக்கிகளும் என்னுடையவை என்பதற்காக மறுக்கவில்லை. உங்கள் தொகுப்பில் மொத்தம் ஐந்தே பாடல்கள். அவற்றுள் 'மூன்சைல்ட்' 12 நிமிடம் ஓடுகிறது. முதல் இரண்டரை நிமிடம் அழகான பாடல், மீதி முழுவதும் மூவர் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு மெல்லத் தட்டிப் பார்க்கும் ஓசை. நாமெல்லாம் 1969 என்ற ஆண்டுக்கு மரியாதை கொடுத்து அதைப் பொறுத்துக்கொள்கிறோம். முதன்முதலாகக் கேட்க வருபவர் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

நான் முன்மொழிவது 1974இல் வந்த 'ரெட்'. அதற்குள் கிடாரில் ராபர்ட் ஃப்ரிப், பாஸ் கிடாரிலும் பாட்டிலும் ஜான் வெட்டன், டிரம்ஸில் பில் புரூஃபோர்ட் என்று குழு மூவராகச் சுருங்கியிருந்தது. தட்டு கடைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பே ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டார். விற்பனையை உயர்த்தச் சுற்றுப்பயணம் இல்லை, பேட்டி கொடுக்கக் குழுவே இல்லை. பிரிட்டன் பட்டியலில் 45ஆம் இடத்தைத் தொட்டதோடு சரி. அப்படியிருந்தும், பின்னாளில் கனமான ராக் இசையைச் சிந்தித்து அமைக்க விரும்பியவர்கள் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த இடம் இதுதான். 'ஸ்டார்லெஸ்' பாடலின் நடுப்பகுதியைக் கேளுங்கள். பாஸ் கிடார் 13 எண்ணிக்கையில் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, ஃப்ரிப் ஒரே ஸ்வரத்தை இரண்டு தந்திகளில் மாற்றி மாற்றி மீட்டிச் சில நிமிடங்களுக்கு மெல்ல மெல்ல மேலேற்றுகிறார். தனி ஆவர்த்தனம் என்றால் விரல் வேகம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் செய்த காரியம் அது.

சூரமங்கலத்தான்:
இருவருக்கும் வணக்கம். இந்தக் குழுவின் தாக்கத்தைப் பற்றி அதன் ரசிகர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. பிங்க் ஃபிளாயிட் 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1988க்குள் அமெரிக்கப் பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. நம் சேலத்தில் ஆங்கில இசையோடு தொடர்பே இல்லாதவருக்குக்கூட அதன் அட்டையிலுள்ள முப்பட்டகப் படம் தெரியும். கிரிம்சனையோ இசைக்கலைஞர்கள் புகழ்கிறார்கள், அவர்களைப் படிக்கும் ரசிகர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். மேலும், இதை ஒரே குழு என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்? முதல் அமெரிக்கப் பயணம் முடிந்த கையோடு, முதல் தட்டில் வாசித்த இயன் மெக்டொனால்டும் மைக்கேல் கைல்ஸும் விலகினார்கள். அடுத்து அதில் பாடிய கிரெக் லேக் போய் எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற குழுவைத் தொடங்கினார். தொடக்கம் முதல் முடிவுவரை இருந்தவர் ஃப்ரிப் ஒருவர்தான். ஒரு கிடார் கலைஞரும் அவரோடு வந்துபோனவர்களும் என்று சொல்வதே பொருத்தம்.

அம்மாபேட்டை லயம்:
விற்பனையை வைத்துத் தாக்கத்தை அளப்பது சரியில்லை, ஐயா. 1972இல் யெஸ் குழு 'குளோஸ் டு தி எட்ஜ்' தொகுப்பை முடித்து உச்சத்தில் நின்றபோது, அதன் டிரம்ஸ் கலைஞரான புரூஃபோர்ட் அந்தப் புகழையும் பணத்தையும் விட்டுவிட்டுக் கிரிம்சனுக்கு வந்தார். எங்கே போனால் கற்கலாம் என்று ஒரு கலைஞர் கருதினார் என்பதுதான் எனக்குச் சான்று.

ஆனால் மூத்தவர்கள் இருவரும் எழுபதுகளிலேயே நின்றுவிடுகிறீர்கள். நான் மிருதங்கம் பயில்பவன் என்பதால் என் தேர்வு 1981இல் வந்த 'டிசிப்ளின்'. ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு ஃப்ரிப்பும் புரூஃபோர்டும், ஏட்ரியன் பெலூ, டோனி லெவின் என்ற இரண்டு அமெரிக்கர்களோடு சேர்ந்தார்கள். காந்த நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் விசைப்பலகையான மெல்லோட்ரான் இல்லை, சாக்ஸபோன் இல்லை. டிரம்ஸோடு சேர்ந்த உலோகத் தாளத்தட்டுகளையும் கூடுமானவரை தவிர்க்கும்படி புரூஃபோர்டிடம் ஃப்ரிப் கேட்டுக்கொண்டார். 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' பாடலில் இரண்டு கிடார்கள் ஏழின் கணக்கில் பின்னிக்கொண்டு போகின்றன. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு பழகிய கைக்கு அது சிரமமில்லை. சிரமம் அடுத்து வருகிறது. ஒரு கிடார் ஒரேயொரு ஸ்வரத்தை விட்டுவிட, 14க்கு எதிராக 13 ஓடத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி விலகி, விலகியபடியே மீண்டும் சந்திக்கும் இடத்தை நோக்கிப் போகின்றன. முத்தாய்ப்பான கோர்வை எங்கே தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழும் என்று காத்திருந்து பழகிய நம் செவிக்கு, இதைவிட நெருக்கமான ராக் இசை எது?

அஸ்தம்பட்டியார்:
தம்பி, அந்தக் குழு முதலில் டிசிப்ளின் என்ற பெயரில்தான் மேடையேறியது. கிங் கிரிம்சன் என்ற பெயர் அதன்மேல் பிறகுதான் ஒட்டப்பட்டது. பெலூ அதற்கு முந்தைய ஆண்டுதான் டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'ரிமெய்ன் இன் லைட்' தொகுப்பில் வாசித்திருந்தார். அந்தச் சாயல் 'டிசிப்ளின்' முழுவதும் இருக்கிறது. அதை நல்ல தட்டு என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. கிரிம்சனுக்கு அடையாளம் என்று காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

சூரமங்கலத்து நண்பருக்கு ஒரு பதில். வந்துபோனவர்கள் என்று நீங்கள் குறையாகச் சொன்னதுதான் இந்தக் குழு பரவிய வழி. லேக்கை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'ஐலண்ட்ஸ்' தொகுப்பின் காலத்தில் பாட வந்த பாஸ் பர்ரல் (Boz Burrell) என்பவருக்கு ஃப்ரிப் பாஸ் கிடாரையும் கற்றுக்கொடுத்தார். அவர் பிறகு பேட் கம்பெனி என்ற குழுவில் அதையே வாசித்தார். மெக்டொனால்ட் ஃபாரினர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெட்டன் ஏஷியா குழுவை அமைத்தார்.

சூரமங்கலத்தான்:
ஃபாரினரையும் ஏஷியாவையும் கிரிம்சனின் கொடையாகக் காட்டுகிறீர்களே, ஐயா! வானொலிக்கென்றே அளவெடுத்துச் செய்த அந்தப் பாடல்களில் கிரிம்சன் எங்கே இருக்கிறது? ஒருவர் ஒரு வீட்டில் சில காலம் குடியிருந்தார் என்பதால், பின்னால் அவர் கட்டிய வீடெல்லாம் முதல் வீட்டின் பெருமை ஆகிவிடாது.

எஸ்டேட்காரன்:
இந்த ஓரிடத்தில் சூரமங்கலத்தார் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆள்வழியாக வேறுவிதமாகவும் தாக்கம் நடந்திருக்கிறது. 1973இல் வந்த 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' தொகுப்பில் ஜேமி மூயர் என்ற தாளக் கலைஞர் கையில் அகப்பட்ட உலோகத்தையெல்லாம் தட்டி வாசித்தார். தட்டு வெளிவருவதற்குள் குழுவை விட்டு விலகி, ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். புரூஃபோர்டின் திருமணத்தில் அவர் யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனைச் சந்தித்துப் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் பற்றிச் சொன்னார். அதிலிருந்த ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஆண்டர்சன் அமைத்ததுதான் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டைத் தட்டு. அதன் நீளத்துக்கு மூயரைக் குற்றம் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

'டிசிப்ளின்' பற்றித் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லும் 14, 13 கணக்கு உண்மை. ஆனால் கணக்கு தெரியாதவருக்கு என்ன மிஞ்சும்? 'ஸ்டார்லெஸ்' 13 என்பதை அறியாதவரும் அந்த ஏற்றத்தில் உடல் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார்.

அம்மாபேட்டை லயம்:
கணக்கு தெரியாமலே தனி ஆவர்த்தனத்தை ரசிப்பவர்கள் சபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அண்ணா! விலகலையும் சேர்தலையும் செவி தானாகவே உணரும். அஸ்தம்பட்டி ஐயா சொன்ன டாக்கிங் ஹெட்ஸ் சாயலையும் நான் மறுக்கவில்லை. அங்கே தாளம் ஓரிடத்தில் நின்று சுழல்கிறது, இங்கே அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த முறையைப் பின்னாளில் எடுத்துக்கொண்டவர்களுள் டூல் என்ற அமெரிக்க ராக் குழு முதன்மையானது. 2001இல் அவர்களுடைய நிகழ்ச்சிகளில் தொடக்க இசையை வழங்கியது கிங் கிரிம்சனே. மூத்த குழு இளைய குழுவுக்கு முன்னால் வாசிக்க ஒப்புக்கொண்ட அந்தப் பயணம்தான் என் வயதினர் பலருக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தியது. ஃப்ரிப் பல ஆண்டுகள் பிடிவாதமாக மறுத்து, 2019இல்தான் தொகுப்புகளை ஸ்பாட்டிஃபையில் ஏற அனுமதித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதுவரை சேலத்தில் ஒரு மாணவன் இவற்றைக் கேட்பது எளிதாக இருக்கவில்லை. தாக்கம் பரவவில்லை என்று சூரமங்கலத்தார் சொல்வதில் பாதி, கதவு சாத்தியிருந்ததன் விளைவு.

சூரமங்கலத்தான்:
கதவைச் சாத்தியவரும் ஃப்ரிப்தானே? அதற்கும் சேர்த்துப் பாராட்ட வேண்டுமா?

எஸ்டேட்காரன்:
பாராட்ட வேண்டாம், வந்து கேட்டால் போதும். மாலைப் பனி இறங்குவதற்குள் எல்லோரும் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் திரும்ப வேண்டும் என்பதால், பேச்சுக்கு நேரம் விட்டு 40 நிமிடத்தில் முடியும் 'ரெட்' தட்டையே வைக்கப்போகிறேன். 'லிசர்ட்' தொகுப்பு, தொண்ணூறுகளின் ஆறு பேர் குழு எல்லாம் வேறொரு நாளைக்கு இருக்கட்டும்.

அஸ்தம்பட்டியார்:
வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டால் விருந்தாளி என்ன சொல்வது? ஆயினும் என் ஆட்சேபத்தைப் பதிவு செய்கிறேன். 'ஸ்டார்லெஸ்' பாடல் மெல்லோட்ரானில் தொடங்குகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடா, அது ஓடுவது எட்டு நொடிதான், அதற்குள் விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். ஸ்வரம் சற்றே நடுங்கும் அந்த வயலின் ஒலியைக் குழு நிலைநாட்டியது 1969இல், 'எபிடாஃப்' பாடலில். 'ரெட்' தட்டில் விருந்தினராக வந்து சாக்ஸபோன் வாசிப்பவரும் அதே மெக்டொனால்ட். ஐந்தாண்டு முன்பு பிரிந்துபோனவர் கலையப்போகும் குழுவுக்குத் திரும்பி வந்து வாசிக்கிறார் என்பது, முதல் தட்டைக் கேட்டவருக்கு மட்டுமே விளங்கும். ஒன்பது நிமிடத்துக்குள் முடிகிற 'எபிடாஃப்' ஒன்றையாவது முன்னால் ஒலிக்கவிடுங்கள். மூன்சைல்டை நான் கேட்கவில்லை.