அர்கான் மரம்: பெயர் விளக்கத்துக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மொராக்கோ மரங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அர்கானில் வந்து மாட்டிக்கொண்டேன். முள்மரம், அதன்மேல் ஆடுகள் ஏறி நின்று காய் தின்னும் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள்.

பெயர், தென்மேற்கு மொராக்கோவின் பெர்பர் மொழியான தஷல்ஹித்திலிருந்து வந்தது. அங்கே இந்த மரத்தின் வித்தெண்ணெய்க்கும் 'அர்கான்' என்றுதான் பெயர். பழைய அரபு மருந்து நூல்களில் இது 'ஹர்ஜான்'. எழுத்து அரபியில் 'க'வின் மெல்லோசை (ஆங்கில 'g') கிடையாது, அதனால் 'ஜ' ஆகிவிட்டது. முன்னால் ஒட்டிய அந்த 'ஹ' எங்கிருந்து வந்தது? இதுதான் என் முதல் கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மர விகுதியைச் சேர்த்து 'அர்கானியே' ஆக்கிக்கொண்டார்கள். தாவரங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் இதன் பேரினத்துக்கு வைத்த பெயர் சிடெராக்சிலான், கிரேக்கத்தில் 'இரும்பு மரம்'. கட்டையின் உறுதி அப்படி.

அடுத்தது, தஷல்ஹித்தில் இந்தச் சொல்லுக்கு வேர்ப்பொருள் உண்டா? கொட்டை, பருப்பு என்று ஏதாவது? மொராக்கோவின் அகாதிர், எஸ்ஸவீரா நகரங்கள் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், ஊர்க்காரர்கள் உச்சரிப்பதை ஒரு குரல்பதிவாக அனுப்ப முடியுமா?

தமிழில் எழுதுவதும் தலைவலிதான். கடைச் சீட்டுகளில் 'ஆர்கன் ஆயில்' என்று பார்த்தேன், உடலுறுப்பு எண்ணெய் போல இருக்கிறது! 'ஆர்கான்' என்றால் பல்பில் அடைக்கும் வாயு. நம் இலுப்பையும் இதே குடும்பம், அதுவும் எண்ணெய் வித்து. அதனால் 'மொராக்கோ இலுப்பை' என்று எழுதலாமா, அல்லது வாசகர் குழம்புவாரா?