சிவப்புக்காது ஆமை எவ்வளவு வளரும், எத்தனை ஆண்டு வாழும்?

கேள்வி (தங்கச்சிமடம்):
நான்கு ஆண்டுகளுக்கு முன் மகனுக்காக மதுரையில் வாங்கிய சிவப்புக்காது ஆமை, அப்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தது. இப்போது உள்ளங்கையை நிறைத்துவிட்டது. ஒரு மாதமாக ஓட்டிலிருந்து வெங்காயச் சருகு போன்ற மெல்லிய தகடுகள் கழன்று தண்ணீரில் மிதக்கின்றன. இது நோயா? இன்னும் எவ்வளவு வளரும்? வளர்க்க இயலாவிட்டால் பாம்பன் கடலில் விட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டார்; எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் (மண்டபம்):
அம்மா, நோயன்று, வளரும்போது மேல்தகடுகள் அவ்வாறு உதிர்வது இயல்பே. சருகு விட்ட இடம் கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருந்தால் போதும்; மெத்தென்று அமுங்கினாலோ துர்நாற்றம் வீசினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இதன் வளர்ச்சியை வயதைக் காட்டிலும் வெயிலும் தீனியுமே முடிவு செய்வதால், ஒரே வயதுடைய இரண்டு ஆமைகள் அளவில் பெரிதும் வேறுபடலாம். ஆண் ஏறத்தாழ 20 செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும், பெண் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். முன்கால் நகங்கள் நீண்டும் வால் தடித்தும் இருந்தால் அது ஆண். நன்கு பராமரித்தால் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். 40 ஆண்டுகளை எட்டுவதும் உண்டு. வெயில் படாமல் கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே அடைபட்டவைதான் ஓடு மெலிந்து இளமையிலேயே இறக்கின்றன. காலை வெயிலில் ஏறிக் காய ஒரு கல்லும், ஒதுங்க நிழலும் அவசியம். உப்புக் கருவாடு வேண்டாம். வளர வளரக் கீரையைக் கூட்டுங்கள்.

பதில் (ஆர்.எஸ். மங்கலம்):
கடலில் விடவே கூடாது. நம் கடலின் பேராமைக்கும் பங்குனி ஆமைக்கும் துடுப்புக் கால்கள். உப்பைக் கண்ணீராக வெளியேற்றும் சுரப்பியும் உண்டு. மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த நன்னீர் ஆமை கடலில் பிழைக்காது. ஊருணியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் என் கவலை. எங்கள் கண்மாய் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்ததும் எழுந்து வரும் பால் ஆமை, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளது. அதன் இரைக்கும் இடத்துக்கும் வெளியூர் ஆமையைப் போட்டியாக விடலாகாது.

கேட்டவர்:
நகங்கள் நீண்டு வளைந்திருக்கின்றன, ஆண்தான் போலும். கொல்லையில் வேம்பின் நிழல் பாதி விழும் இடத்தில் சிமெண்ட் தொட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன். எத்தனை அடி ஆழம் வேண்டும் என்று தெரிவித்தால் நன்றி.