3 வாரம் ஐரோப்பா: இந்தியக் கார்டு, ஓடிபி, வங்கி ஆப் எப்படித் தயார் செய்வது?

கடல்காற்று:
ஜூனில் அப்பா அம்மாவோடு பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போகிறோம், 3 வாரம். கையில் விசா டெபிட், ரூபே டெபிட், மாஸ்டர்கார்டு கிரெடிட் என மூன்று இந்தியக் கார்டுகள். அங்கே டேட்டாவுக்கு ஈசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) போட எண்ணம். ஓடிபி வருமா? கிளம்பும் முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

திருவையாறு_கணக்கு:
முதலில் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறங்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, புதிதாகத் தரும் கார்டு இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே ஓடும். மற்றதை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். வங்கி ஆப்பில் வெளிநாட்டு ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்சும் லிமிட்டும் இருக்கும். முதல் இரண்டைத் திறந்து, ஆன்லைனை மூடியே வையுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபியே கேட்காது. கார்டு எண்ணும் சிவிவியும் (கார்டில் அச்சிட்ட ரகசிய எண்) தெரிந்தால் பணம் போய்விடும். ரயில் டிக்கெட் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்து மூடுங்கள்.

சாதாரண ரூபே அங்கே செல்லாது. இன்டர்நேஷனல் வகை என்றால் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் என்ற வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கும் இடத்தில் ஓடும். அதை நம்பிப் போக வேண்டாம்.

இரட்டை_சிம்:
ஓடிபி வரும், இந்திய சிம் போனிலேயே இருந்தால். ரோமிங்கை இங்கிருக்கும்போதே ஆன் செய்யுங்கள். ப்ரீபெய்டு என்றால் திரும்பும் தேதியைத் தாண்டி வேலிடிட்டி இருக்கட்டும். அங்கே இறங்கியதும் அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்துவிடுங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பொதுவாகக் காசு இல்லை. அழைப்பை எடுத்தால்தான் போகும்.

பெரிய சிக்கல் வங்கி ஆப்தான். பதிவு செய்யும்போது அது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணைச் சரிபார்க்கும். வெளிநாட்டிலிருந்து அந்த எஸ்எம்எஸ் பல நேரம் போய்ச் சேராது. ஆகவே பயணத்தில் ஆப்பை அழித்து மறுபடி போடாதீர்கள், போன் மாற்றாதீர்கள். இந்திய சிம்மையே ஈசிம்மாக மாற்றுவதாக இருந்தால் குறைந்தது ஒரு வாரம் முன்பே முடியுங்கள். மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைப்பார்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு இடையில் காலாவதியாகுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

காசாளர்:
மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் எப்போதும் யூரோ, சுவிஸில் பிராங்க். ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் பக்கம் முடிவு செய்யும், அது மோசமாகவே இருக்கும். அதற்கு மேல் நம் வங்கிகள் பலவும் 1% அளவில் தனியே பிடிக்கின்றன. உள்ளூர் நாணயத்தில் போனால் வங்கியின் மார்க்கப் (நாணயம் மாற்றும் கட்டணம்) மட்டும்: 3.5% என்றால் 18% ஜிஎஸ்டியோடு 4.13%. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே ரூபாயாக மாற்றுவதை மறுத்தால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், பணம் வரும்.

ஏடிஎம்முக்கு டெபிட் மட்டும். கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி.

கடல்காற்று:
மிக்க நன்றி. ஓட்டல் டெபாசிட்டுக்கும் வாடகைக் காருக்கும் எந்தக் கார்டு?

காசாளர்:
கிரெடிட். டெபிட்டில் பிடித்து வைத்தால் கணக்கில் இருக்கும் உங்கள் பணமே முடங்கும், விடுபடப் பல நாள் ஆகலாம். பிரான்சின் ஆளில்லா பெட்ரோல் பங்குகளும் நீங்கள் போடும் அளவைவிடப் பெரிய தொகையை முதலில் பிடித்து வைத்து, பிறகு சரி செய்யும். அந்த மெஷின்கள் பின் நம்பர் கேட்கும் என்பதால் கிரெடிட் கார்டின் பின் நம்பரை இங்கேயே ஓர் ஏடிஎம்மில் சோதித்து விடுங்கள், பணம் எடுக்காமல்.

திருவையாறு_கணக்கு:
ஒன்று விட்டுப்போனது. வங்கியின் 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. வங்கியின் +91 எண்ணைப் போனிலும், அம்மாவின் கைப்பையில் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். டெபிட் கார்டு ஒருவரிடம், கிரெடிட் கார்டு இன்னொருவரிடம்.