தேங்காய் எழுந்து நிற்குது, சரி. சோதிப்பது எப்படி? சென்னையின் மூன்று பகுதிக்காரர்கள் பேசுகிறார்கள்.

அடையாறு:
உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய் எழுந்து நின்றால் அடியில் தண்ணீர் இருக்கிறது என்பார் நீரோட்டம் பார்க்கிறவர். அவர் காட்டிய இடத்தில் போர் போட்டதும் தண்ணீர் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோர மணலில் எங்கே இறக்கினாலும் தண்ணீர்தான். தேங்காய் அசையாத இடத்திலும் துளை போட்டால்தானே ஒப்பிட முடியும்? அந்தக் காசை யார் கொடுப்பது! மொட்டைமாடியில் வாளி வைத்துப் பாருங்கள்.

மூடி போட்ட 20 லிட்டர் பெயிண்ட் வாளி 10. ஒன்றில் தண்ணீர், ஒன்பதில் காய்ந்த மணல். முதல் சுற்றில் மூடியைத் திறந்தே வையுங்கள். தேங்காய் எழுகிறதா, வேறெதுவும் குறுக்கிடுகிறதா என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். இதை விட்டுவிட்டால் கடைசியில் "கீழே பைப் ஓடுது சார்" என்பார். பிறகு மூடிவிட்டு 10 சுற்று; ஒவ்வொன்றிலும் தண்ணீர் வாளி எது என்று அவர் சொல்ல வேண்டும். தண்ணீர் வாளியின் இடத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போடாவிட்டால், போகப் போக மிச்ச இடங்களை ஊகித்துவிடலாம்.

பெரம்பூர்:
பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: வாளியை மாற்றி வைத்தவர் அங்கேயே நிற்பார், அவர் கண் காட்டிக்கொடுத்துவிடும். வைத்ததும் படியிறங்கிப் போய்விட வேண்டும். விடையைக் குறிப்பவருக்கும் எந்த வாளி என்று தெரியக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் பத்தையும் நகர்த்துங்கள், இல்லையென்றால் தூசியில் தடம் விழும்.

எத்தனை சரியானால் வெற்றி என்பதை முன்னாடியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே 100 பேரில் 7 பேருக்கு மூன்றோ அதற்கு மேலோ சரியாக வரும். ஊர் பேசுவது அந்த ஏழு பேரைத்தான். ஐந்து என்று வைத்தால் 1,000 பேரில் இரண்டு பேர் தேறுவதே கஷ்டம்.

தாம்பரம்:
அவரைப் பித்தலாட்டக்காரர் என்று நினைத்துப் போகாதீர்கள். தேங்காய் நிஜமாகவே எழுகிறது. எதிர்பார்ப்பில் நம்மை அறியாமலே தசை அசைவதை ஆங்கிலேய உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் 1852-லேயே விளக்கிவிட்டார். ஜெர்மனியின் காசல் நகரில் 1990-ல் நீரோட்டம் பார்க்கிற சுமார் 30 பேரைச் சோதித்தார்கள். 50 செ.மீ. ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று சொல்ல வேண்டும். நிபந்தனைகளை எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது ஊகத்தின் அளவுதான்.

அடையாறு:
நெய் ஊற்றியதும் தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றும் ஹோமம் வேறு ரகம். குண்டத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள், ஊற்றும் "நெய்" கிளிசரின்; இரண்டும் சேர்ந்தால் தானே தீப்பிடிக்கும். அதற்கு வாளியெல்லாம் வேண்டாம், நெய்யை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.